ஐந்து சென்ரிமீற்றர் கலம்

லூர்த்தம்மா பனையோலைக் கடகத்தை முற்றத்தில் இறக்கி வைத்தாள். அதற்குள் காலையில் கொண்டுபோன மீனில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. முந்தின நாளும் அப்படித்தான் வந்தாள், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் கைகால் கழுவாமல், மகள் காய்ச்சலோடு படுத்திருந்த அறைக்குள் நேரே வந்து நின்றாள்.

“உன்ரை லாப்பிலைதான் சோதிச்சதாமே பிள்ளை?”

“என்னத்தை அம்மா?”

“எங்கடை மீனை. குருநகர் மீன் முழுக்கப் போமலினாம். சவம் பழுதாகாமல் ஏத்துற மருந்தை மீனுக்குப் போட்டுச் சனத்துக்குத் தீத்துறமாம். சந்தையிலை ஒருத்தி என்ரை முகத்துக்கு நேரை கேட்டாள், எத்தினை பேரைச் சாக்காட்டினனீங்கள் எண்டு.”

ஜெயனி எழுந்து உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். காய்ச்சலில் கிடந்த ஐந்தாறு நாளும் அவள் அதைத் தொடவில்லை. தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. திறந்ததும் அந்தக் காணொளிதான் வந்தது. நுகர்வோர் விழிப்புக் குழு என்ற அமைப்பின் செயலாளர், நிருஷன் என்ற இளைஞன், ஒரு கடதாசியைத் தூக்கிப்பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். குருநகர்க் கரையில் வாங்கிய ஆறு மீன்களைச் சோதித்ததில் ஆறிலும் போமலின். ஐந்துக்கு எண்கள் இருந்தன. ஆறாவதற்கு ‘அளவிடக்கூடிய எல்லைக்கு மேல்’ என்று மட்டும் இருந்தது. கடதாசியின் அடியில் அவள் வேலைசெய்யும் ஆய்வுகூடத்தின் முத்திரை. பக்கத்தில் அதன் உரிமையாளர் டொக்டர் கோபிசங்கரின் கையெழுத்து.

அந்த எண்களைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் கோபம் வந்தது தன் ஊர்மேல்தான். எந்த நாசமறுப்பான் இதைச் செய்தான் என்று பல்லைக் கடித்தாள். ஆய்வுகூடத்தை அவள் சந்தேகிக்கவில்லை. நான்கு வருடமாக அங்கே தண்ணீரும் பாலும் மிளகாய்த்தூளும் சோதிக்கிறவள் அவள். அந்த இடத்துச் சுத்தம் அவளுக்குத் தெரியும்.

அடுத்தநாள் காலில் பலமில்லாமலே வேலைக்குப் போனாள்.

போமலினைச் சோதிப்பது பெரிய வித்தை அல்ல. மீன் சதையை அரைத்து வடித்த நீரோடு ஒரு மருந்தைக் கலந்து சூடாக்கினால், அதில் இருக்கிற போமலினின் அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். அந்த மஞ்சளை ஒரு கண்ணாடிக் கலத்தில் ஊற்றி இயந்திரத்துக்குள் வைத்து, ஊதா ஒளியை ஊடே அனுப்பினால், எவ்வளவு ஒளியைக் கரைசல் விழுங்கியது என்பதை இயந்திரம் ஓர் எண்ணாகச் சொல்லும். அகத்துறிஞ்சல் என்று பாடப்புத்தகத்தில் படித்த சங்கதிதான். அளவு தெரிந்த கரைசல்களை வைத்து முன்கூட்டியே ஒரு நேர்கோடு கீறி வைத்திருப்பார்கள். வந்த எண்ணை அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் மீனில் எவ்வளவு போமலின் என்று தெரிந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மீன்களின் வடிநீரும் மிச்சமாக இருந்தது. முதலாவதை எடுத்து மருந்தைக் கலந்து சுடுநீரில் வைத்தாள். ரிப்போட்டில் இருந்த எண் சரியென்றால், குழாய்க்குள் கறிக்கு மஞ்சள் கரைத்ததுபோல் நிறம் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. வெளிறிய, உற்றுப்பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மஞ்சள்தான் வந்தது. உயிரோடு பிடித்த மீனின் தசையிலேயே இயற்கையாகக் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்கு வருகிற மஞ்சள் அது.

வாசிப்பு எடுக்கலாமென்று இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள். வழமையான சின்னக் கலத்தைப் பிடிக்கிற தாங்கி அங்கே இல்லை. நீளக் கலத்தின் தாங்கி இருந்தது.

ஜெயனி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். விளங்கிவிட்டது.

சின்னக் கலத்தில் ஒளி கரைசலுக்கூடாகப் போகிற தூரம் ஒரு சென்ரிமீற்றர். நீளக் கலத்தில் ஐந்து. கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும். கழுத்தளவில் தெரியாது. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். ஐந்து மடங்கு தூரம் போனால் கரைசல் ஐந்து மடங்கு ஒளியை விழுங்கும். அதனால்தான் நிறம் மங்கலான கரைசல்களுக்கு நீளக் கலத்தை எடுப்பார்கள். எடுத்தால் வருகிற எண்ணை ஐந்தால் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் நீளக் கலத்திலேயே புதுக் கோடு கீறவேண்டும். முதலாம் வருட மாணவன் செய்கிற கணக்கு.

அவள் கோபிசங்கரின் அறைக்குப் போனாள்.

“சேர், மீனை எந்தக் கலத்திலை வாசிச்சனீங்கள்?”

“ஓ, வந்திட்டீங்களோ. காய்ச்சல் சுகமோ?” என்றவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “நீளக் கலத்திலை. நிறம் காணாமல் இருந்தது. ஏன்?” என்றார்.

“கோடு?”

“நீங்கள் போன மாதம் கீறி வைச்சதுதான்.”

“அது ஒரு சென்ரிமீற்றர்க் கலத்திலை கீறினது. இப்ப முதலாவது மீனைத் திரும்பச் செய்து பாத்தன், நிறம் ஏறேல்லை.”

கோபிசங்கர் கெட்டிக்காரர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே இருந்திருக்கக்கூடிய வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஆய்வுகூடத்தைத் தொடங்கியவர். அவருக்கு அதற்குமேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார். தொலைபேசியை எடுத்து அந்தக் குழுவை அழைக்கப்போகிறார் என்றுதான் ஜெயனி நினைத்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இருங்கோ ஜெயனி. இது ரிப்போட் வெளியிலை போன அலுவல். இப்ப பிழை எண்டு சொன்னால் நாளைக்கு ஆர் எங்களை நம்புவினம்? எங்களை நம்பித்தான் பள்ளிக்கூடங்கள் கிணத்துத் தண்ணியைச் சோதிக்கக் குடுத்து விடுது. ஒரு கிழமை, ரெண்டு கிழமை. சனம் மறந்திடும்.”

“சனம் மறக்குமட்டும் அதுகள் என்னத்தைத் திங்கிறது சேர்? பிடிச்ச மீன் கரையிலை கிடந்து நாறுது.”

“விளங்குது. ஆனால் நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். நீங்கள் திருத்தினால் சனம் என்ன சொல்லும்? தன்ரை ஆக்களுக்காக எண்ணை மாத்திப்போட்டாள் எண்டுதான் சொல்லும்.”

அந்தப் பக்கம். பல்கலைக்கழகத்தில் முதல் நாள் பக்கத்தில் இருந்தவள் ஊரைக் கேட்டாள். இவள் குருநகர் என்றாள். “ஓ, அந்தப் பக்கமோ” என்று அவள் தன் கொப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அன்றைக்கு ஜெயனி ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கு விடவில்லை.

“ஐஞ்சாலை பிரிக்கிறதுக்கு ஆள் எந்தப் பக்கம் எண்டு பாக்கத் தேவையில்லை சேர்.”

கோபிசங்கர் எழுந்து கதவைத் திரும்பத் திறந்தார். “சரி,” என்றார். “ஒரு குழாயை வைச்சுக் கதைக்க ஏலாது. ஆறையும் திரும்பச் செய்யுங்கோ. நானும் நிக்கிறன்.”

செய்தார்கள். சுடுநீரிலிருந்து குழாய்களைத் தூக்கியபோது ஐந்து குழாய்கள் ஒரே மாதிரி வெளிறிக் கிடந்தன. ஆறாவது அப்படி இல்லை. அது கொழுகொழுத்த மஞ்சளாக இருந்தது. சின்னக் கலத்தில் வைத்தால் கோட்டையும் தாண்டிப் போனது. நீர் சேர்த்துப் பத்து மடங்கு ஐதாக்கி, வந்ததைப் பத்தால் பெருக்கியபோது அந்த எண்ணுக்கு எந்தச் சமாதானமும் சொல்லமுடியவில்லை. மீன் திருக்கை. திருக்கையில் இயற்கையாகவே மற்ற மீன்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது ஜெயனிக்குத் தெரியும். அதையும் கழித்துப் பார்த்தாள். கழித்தும் இது ஊற்றின போமலின்தான்.

உறைபெட்டியில் இருந்த மீன் பையை எடுத்துத் துடைத்தாள். வாங்கினவர்கள் வாங்கின இடத்தை மைப்பேனையால் பையிலேயே எழுதியிருந்தார்கள். ‘திருக்கை. யாகப்புவின் லொறி.’

“தெரிஞ்ச ஆளோ?” என்று கோபிசங்கர் கேட்டார்.

“என்ரை மாமா. அம்மாவின்ரை தம்பி.”

பொய் சொல்லியிருக்கலாம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

கோபிசங்கர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அக்கறையோடுதான் சொன்னார். “அப்ப நல்லா யோசியுங்கோ. இப்ப இருக்கிற ரிப்போட்டிலை ஆறும் ஒண்டுதான். ஒருத்தரும் தனியப் பிடிபடமாட்டினம். புதுசு குடுத்தால் ஐஞ்சு பேர் தப்புவினம், உங்கடை மாமா மட்டும் மாட்டுவார். அவசரமில்லை. வாற கிழமை கதைப்பம்.”

அவருடைய அக்கறைதான் அவளுக்குக் கூடுதலாக எரிந்தது.

மத்தியானம் ஓட்டோ பிடித்து நேரே இறங்குதுறைக்குப் போனாள். யாகப்பு மீன் வாடிக்குப் பக்கத்தில், லொறியிலிருந்து இறக்கிய ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த வீட்டைத் தாங்கியவர் அவர்தான். சைக்கிள் பாரில் அவளை இருத்தி மழையிலும் வெயிலிலும் விஞ்ஞான வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர். அவளைக் கண்டதும் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தபடி எழும்பினார்.

“என்ன பிள்ளை, காய்ச்சலோடை வெயிலுக்கை?”

“பெட்டிக்குள்ளை என்ன போடுறியள் மாமா?”

“என்னத்தைப் போடுறது. ஐஸ்.”

“உங்கடை திருக்கையை நான்தான் சோதிச்சனான்.”

யாகப்பு தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். சுற்றிவரப் பார்த்தார். அயலில் யாரும் இல்லை. சந்தை படுத்துவிட்டதால் துறையே வெறிச்சோடிக் கிடந்தது.

“கொஞ்சம்தான் பிள்ளை. தூரத்திலையிருந்து ஏத்திக்கொண்டு வாறன். வெயிலிலை ஐஸ் நிண்டு பிடிக்குதில்லை. வந்து சேரேக்கை செவுள் வெளுத்திருந்தால் ஆர் வாங்குவினம்? ஒரு பொடியன் போமலின் கான் ஒண்டு தந்தான். மூடியாலை ஒரு மூடிதான்.”

“அம்மாவின்ரை விரலைப் பாத்தனீங்களோ? தோல் உரியுது. சவுக்காரம் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு திரியிறா. ஒவ்வொரு நாளும் உங்கடை திருக்கையைத்தான் வெட்டுறா.”

“இல்லையில்லை. அக்காவுக்கு நான் நல்ல பெட்டியிலை இருந்துதான் குடுக்கிறனான்.”

“அப்ப கெட்ட பெட்டி எது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

யாகப்பு கழுவின பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்தார். ஜெயனிக்குச் சத்தம் போட்டுத் திட்டவேண்டும் போலிருந்தது. சின்ன வயதில் தன்னைத் தூக்கிச் சுமந்த மனிதனின் முகத்தைப் பார்த்து எந்த வசவைச் சொல்வதென்று தெரியவில்லை. தெரியாததும் கோபமாகவே வந்தது.

“மற்றப் பெட்டியளை வாங்கினது ஆர் மாமா? ஆரின்ரை பிள்ளையளுக்குக் குடுத்தனீங்கள்?”

“ரிப்போட்டிலை என்ரை பேர் வருமோ?” என்று மட்டும் கேட்டார்.

“வரும்.”

“நீயே எழுதுவியோ?”

“நானேதான். கானிலை மிச்சம் இருந்தால் கடலுக்கை ஊத்திப்போடாதேங்கோ.”

அவர் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டார். அவள் போகும்வரை நிமிரவில்லை.

அடுத்தநாள் காலை கோபிசங்கரிடம் அவள் கேட்டது இரண்டே விடயம். ஐந்தால் பிரிக்காமல் விட்டது ஆய்வுகூடத்தின் பிழை என்று எழுதவேண்டும். ஆறாவது மீனில் போமலின் இருப்பது உண்மை என்றும் எழுதவேண்டும். அவர் நெற்றியைத் தேய்த்தார். பிழை என்ற சொல் வேண்டாம், ‘மீளாய்வு’ என்று போடலாம், அதற்கும் தன் வழக்கறிஞரிடம் கேட்கவேண்டும், வாற கிழமை பார்க்கலாம் என்றார்.

“வாற கிழமை, வாற கிழமை,” என்றாள் ஜெயனி. “நீங்கள் கேட்டு முடியுங்கோ சேர். நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

சின்னக் கலத்தையும் நீளக் கலத்தையும் கைலேஞ்சித் துணியில் சுற்றினாள். முதலாவது மீனின் மஞ்சள் நீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்கமாட்டாள்.

கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் அன்று பின்னேரம் கூட்டம் இருந்தது. சங்கத் தலைவர் சவிரிமுத்து, நிருஷனையும் வரச்சொல்லியிருந்தார். அவனைச் சுற்றி ஆம்பிளைகள் நின்று ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சுவரோரம் இருந்தார்கள். லூர்த்தம்மாவும் இருந்தாள். யாகப்பு இல்லை.

ஜெயனி மேசைக்குப் போய் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்தாள். போத்தலில் இருந்ததை இரண்டு கலத்திலும் ஊற்றினாள்.

“நிருஷன், இஞ்சை வாங்கோ. ரெண்டுக்குள்ளையும் நான் என்ன ஊத்தினனான்?”

“ஒரே தண்ணிதானே அக்கா.”

“இப்ப இதுக்குள்ளாலை கடதாசியைப் பாருங்கோ. பிறகு இதுக்குள்ளாலை பாருங்கோ.”

அவன் குனிந்து சின்னக் கலத்துக்கூடாகப் பார்த்தான். பிறகு நீளக் கலத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனைக்கூடாகப் பார்த்தான். மறுபடி சின்னதுக்குப் போனான். நிமிர்ந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது.

“நீளத்திலை மஞ்சளாத் தெரியுது. சின்னனிலை ஒண்டுமே தெரியேல்லை.”

“நீங்கள் வாசிச்ச எண் நீளத்திலை எடுத்தது. சின்னன் எண்டு நினைச்சுக் கணக்குப் பாத்திட்டம். ஐஞ்சாலை பிரிச்சிருக்கவேணும், பிரிக்கேல்லை. பிழை எங்கடை லாப்பின்ரை பிழை. அந்த ஐஞ்சு மீனும் நல்ல மீன்.”

மண்டபம் குமுறியது. யாரோ மேசையில் அடித்தார்கள். சவிரிமுத்து அவள் தோளைப் பிடித்து, “எங்கடை பிள்ளை, எங்கடை பிள்ளை” என்றார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நீளக் கலத்துக்குள் பார்க்க வந்தார்கள். ஜெயனி கையை உயர்த்தினாள். சத்தம் அடங்க நேரம் எடுத்தது.

“நான் இன்னும் முடிக்கேல்லை. ஆறாவது மீனிலை போமலின் இருக்கு. எந்தக் கலத்திலை பாத்தாலும் இருக்கு. அது யாகப்பு மாமாவின்ரை லொறியிலை வந்தது. அவரே போட்டனான் எண்டு என்னட்டைச் சொன்னவர்.”

நீளக் கலத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தவள் அதை மேசையில் வைத்துவிட்டு விலகினாள். சுவரோரத்தில் லூர்த்தம்மா எழும்பினாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

சவிரிமுத்து ஜெயனியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டுபோய்ப் பல்லைக் கடித்தார். “அந்தக் கதையை ஏன் பிள்ளை உந்த நிருஷனுக்கு முன்னாலை சொன்னனீ? ஐஞ்சைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டியிருக்கலாமே. மற்றதை எங்களுக்குள்ளை வைச்சுத் தீர்த்திருப்பம்.”

“எங்கடை சேரும் இதைத்தான் சொன்னவர்,” என்றாள் ஜெயனி. “எல்லாரும் ஒரு மாதிரித்தான் கதைக்கிறியள்.”

சுகாதாரப் பரிசோதகர்கள் யாகப்புவின் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்குப் போட்டார்கள், லொறி நீதிமன்ற வளவில் நின்றது. சந்தை மெல்ல மெல்ல எழும்பியது. முதலில் சூடை மீன் விலைபோனது, பிறகு விளைமீன். திருக்கையை மட்டும் கன நாளைக்கு ஒருவரும் தொடவில்லை. கோபிசங்கர் ஒரு யூரியூப்காரனுக்குப் பேட்டி கொடுத்தார். தங்கள் ஆய்வுகூடத்தின் கடுமையான உள்ளகக் கண்காணிப்புத்தான் கணிப்பிலிருந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தது என்று அதில் விளக்கினார். ஜெயனியின் பெயரை அவர் சொல்லவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. அவள்தான் அந்தப் பேட்டியைப் பார்த்த மறுநாள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் தாய் அவளோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைத்தாள், உடுப்புத் தோய்த்துக் காயவைத்தாள், எல்லாம் வழமைபோல் நடந்தது. தன் தம்பி யாகப்புவுக்கு வேறாகச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெயனி கேட்கவும் இல்லை. தான் செய்தது சரியென்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. சரியாக இருந்தும் தன் வீட்டுக்குள்ளேயே குற்றவாளிபோல் நடக்கவேண்டியிருந்தது. அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நிருஷன் படலையில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான்.

“அந்த வீடியோவை எடுத்திட்டீங்களோ?” என்றாள்.

அவன் நெளிந்தான். “எடுக்கேல்லை அக்கா. அதை இவ்வளவு பேர் பாத்திருக்கினம், எடுத்தால் எங்கடை குழுவின்ரை பேர் அடிபட்டுப்போகும். கீழை கொமென்ற்ஸிலை திருத்தம் போட்டிருக்கிறம்.”

“போங்கோ,” என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் படலையைச் சாத்தினாள்.

திண்ணைக் குந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தக் காணொளியைத் திறந்தாள். திருத்தத்தைத் தேடிப் பிடிக்கவே விரல் நொந்தது. அதற்கு மேலும் கீழும் வசவு. கரையாரின் சாதிப் புத்தி என்று ஒருவன். காசுக்காகப் பிள்ளைகளையும் கொல்லுவார்கள் என்று இன்னொருவன். லண்டனிலிருந்து ஒருத்தி, தான் ஊருக்கு வந்தால் மீனே தொடமாட்டாளாம். ஜெயனி முதலாவது ஆளுக்குப் பதில் எழுதினாள். கணக்கில் ஐந்தால் பிரிக்காமல் விட்டார்கள், அதனால்தான் அந்த எண் என்று எழுதினாள். ஐந்து மீன் நல்லது, ஒன்று கெட்டது, கெட்டதைப் போட்டவர் பிடிபட்டார் என்று எழுதினாள். தன் முழுப் பெயரையும் ஊரையும் அடியில் போட்டாள். பிறகு இரண்டாவது ஆளுக்கு எழுதினாள். ஒன்றை எழுதி மற்றவர்களுக்கு ஒட்டவில்லை. ஒவ்வொருவனின் வசவையும் வாசித்து, அவனவனுக்கு வேறுவேறாக எழுதினாள். எழுத எழுத ஆத்திரம் குறையுமென்று நினைத்தாள். குறையவில்லை.

லூர்த்தம்மா சந்தையால் வந்து கடகத்தை இறக்கினாள். அன்றைக்கு அது வெறுமையாக இருந்தது. மகள் நிமிராமல் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

“ஆருக்கு எழுதுறாய்?”

ஜெயனியின் விரல் நின்றது. தாயின் குரலை அவள் கேட்டுக் கன நாள்.

“எல்லாருக்கும். லண்டனிலை இருக்கிற ஒருத்திக்கும்.”

“தம்பியைப் பற்றியும் எழுதுறியோ?”

“ஓம்.”

லூர்த்தம்மா அவளருகில் குந்தில் இருந்தாள். கால்களை நீட்டினாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தபடி சொன்னாள்.

“எனக்கு உன்னிலை ஆத்திரம் தீரேல்லை. அவனிலையும் தீரேல்லை. அந்த லண்டன்காரி என்ன எழுதியிருக்கிறாள், வாசி பாப்பம்.”

ஜெயனி வாசித்தாள். கேட்டு முடித்ததும் லூர்த்தம்மா ஒரு கெட்ட சொல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, “அதை எழுதாதை,” என்றாள். “மற்றதை எழுது, தம்பியின்ரையும்.”